பரங்கிமலைக் கடற்காவல் விமானப் பிரிவு

வேளச்சேரிக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் எழுந்து நிற்கும் பரங்கிமலைக்குச் சரித்திரத்தில் பல உத்தியோகங்கள் வாய்த்திருக்கின்றன. அப்போஸ்தலர் தோமையாரின் பெயரால் அது யாத்திரைத் தலமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சென்னைப் பட்டாளத்தின் பீரங்கிப் படைக்குத் தலைமை இடமாயிற்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி இந்நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளந்துவிடத் துணிந்தபோது, தம்முடைய முதல் அடிக்கோட்டை இம்மலையின் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரையில், வேளச்சேரிக்குச் சற்று மேற்காக, ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்தார். மேடு பள்ளம் அதிகமில்லாத நிலம் என்பதே அவர் அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு முதற் காரணம். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஆகாய விமானங்கள் இறங்குவதற்கும் அந்தச் சமதரையே உதவிற்று எனலாம். மலைக்குத் தெற்கே, மீனம்பாக்கத்தை அடுத்துக் கிடந்த அந்த வெளியில் 1930களின் தொடக்கத்திலேயே சென்னைப் பறக்கும் சங்கத்தின் சிறு விமானங்கள் ஏறி இறங்கின. 1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியார் தொடங்கிய தபால் விமானமும் கராச்சி, பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. யுத்தகாலப் பத்திரங்களில் ‘செயின்ட் தாமஸ் மவுன்ட்’ என்று குறிக்கப்படும் விமானத்தளம் இதுதான். இன்றைய சென்னை விமான நிலையம் அதிலிருந்து வளர்ந்ததே.

இத்தளத்தில் இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது தங்கியிருந்து, பகைவிமானம் ஒன்றையும் வீழ்த்தாமல், பெயர்பெற்ற போர் எதிலும் கலந்துகொள்ளாமல், கடலைப் பார்த்துவருவதையே தொழிலாகக் கொண்டு மறைந்துபோன ஒரு சிறு பிரிவைப் பற்றியது இக்கட்டுரை. ‘முதலாம் எண் கரையோரக் காவல் பிளைட்’ என்பது அதன் உத்தியோகப் பெயர். ஆகாயப்படையில் ஸ்குவாட்ரனுக்குக் கீழ்ப்பட்ட அலகை பிளைட் என்பார்கள். ஆகவே வரிசையிலும் அது சிறியது. வரலாற்றாசிரியர்கள் அதற்கு ஒதுக்கிய இடமோ அதனினும் சிறியது.

அது ஏன் தோன்றியது என்பதைத் தெரிந்துகொள்ள 1914ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, கார்ல் வான் முல்லர் என்ற கப்பல் தலைவரின் கீழ் வந்த எம்டன் என்னும் ஜெர்மானிய யுத்தக் கப்பல், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சேதமின்றித் திரும்பியது. சேதம் பெரிதன்று, ஆனால் பட்டணத்தில் எழுந்த பீதி பெரிது. ஒற்றைக் கப்பல், முன்னறிவிப்பின்றி வந்து, அரை மணி நேரத்தில் தன் காரியத்தை முடித்துக்கொண்டு, இருட்டிலே கரைந்துபோக முடியும் என்ற உண்மை, துறைமுகங்களைக் காக்கும் பொறுப்புள்ளவர்களின் மனத்தில் கால் நூற்றாண்டுக் காலம் அகலாமல் நின்றது. எம்டன் வந்த இரவில் கரையிலிருந்தோர் அதைக் காணும் முன்பே அது சுடத் தொடங்கிவிட்டது என்பதுதான் அவர்கள் கற்ற பாடத்தின் சாரம். முதல் நாள் பகலிலே யாராவது நூறு மைல் கிழக்கே சென்று பார்த்திருந்தால்?

1938-39இல் அட்மிரல் சாட்பீல்டு பிரபுவின் தலைமையில், இந்தியாவின் பாதுகாப்பைப் பரிசீலித்த நிபுணர் குழு, இக்கேள்விக்கு ஒரு சிக்கனமான விடையைச் சொன்னது. அக்காலத்தில் இந்திய ஆகாயப்படை என்பது 1932 அக்டோபர் 8ஆம் தேதி சட்டபூர்வமாகப் பிறந்து, ஒரே ஒரு ஸ்குவாட்ரனை வைத்துக்கொண்டு வடமேற்கு எல்லையில் காலங்கழித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை. அக்குழந்தையை வேகமாக வளர்க்கவேண்டும் என்று குழுவினர் சொல்லவில்லை. முக்கியமான துறைமுகங்களின் காவலுக்குத் துணையாக ஐந்து பிளைட்டுகளைத் தொண்டர்களைக்கொண்டு அமைக்கலாம் என்று மட்டும் யோசனை கூறினார்கள். அதன்படி இந்திய ஆகாயப்படைத் தொண்டர் ரிசர்வ் என்ற அமைப்பு ஏற்பட்டது. சென்னைக்கு முதலாம் எண், பம்பாய்க்கு இரண்டு, கல்கத்தாவுக்கு மூன்று, கராச்சிக்கு நான்கு, கொச்சிக்கு ஐந்து என்று பிளைட்டுகள் 1940ஆம் ஆண்டு முதல் உருவாயின. விசாகப்பட்டினத்துக்கு ஆறாவது பின்னால் சேர்ந்தது. சென்னைக்கு முதல் எண் கிடைத்ததற்கு எம்டனின் நினைவுதான் காரணம் என்று சாதிக்க என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆயினும் இந்தியத் துறைமுகங்களுள் கடல்வழியாக வந்த பகைவரிடம் முந்திய யுத்தத்தில் அடிபட்டது சென்னையே என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டிஷ் ராயல் ஆகாயப்படையிலிருந்தும் இந்திய ஆகாயப்படையிலிருந்தும் வந்த சில நிரந்தர ஊழியர்களை நடுவே வைத்து, அவர்களைச் சுற்றித் தொண்டர்களைச் சேர்த்துக் கட்டப்பட்டவை இப்பிரிவுகள். சிவில் விமானிகளும், பறக்கும் சங்கங்களில் பயின்று லைசென்ஸ் பெற்றவர்களும், இந்நாட்டில் வசித்த பிரிட்டிஷ்காரர்களும், இந்திய இளைஞர்களும் ஒரே முகாமில் உண்டு உறங்கி வேலை பார்த்தார்கள். சட்டைக் காலரில் எண்ணெய் படாத வாலிபர்கள் பலர் முதன்முதலாக எஞ்சினைத் திறந்து பார்த்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். இந்தியர்களுக்கு அதிகாரப் பதவி அரிதாக இருந்த காலத்தில், அவசரத்தினாலேயே திறக்கப்பட்ட ஒரு வாசல் அது. அமைதிக்காலமாக இருந்திருந்தால் அத்தனை சீக்கிரத்தில் திறந்திராது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விமானங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இப்பிரிவின் கதை பெரும்பாலும் அவ்விமானங்களின் கதையே. முதலில் வந்தவை வெஸ்ட்லண்ட் கம்பெனியாரின் வாபிட்டி என்பவை. 1927இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தை வடிவமைத்தபோது, செலவைக் குறைப்பதற்காக முதல் உலக யுத்தகாலத்து டி.எச்.9ஏ விமானத்தின் உறுப்புகளை இயன்றவரை அப்படியே எடுத்தாண்டிருந்தார்கள். ஆகவே 1940இல் அது புதியது போன்ற பழையதாகக்கூட இல்லை, பழையதிலும் பழையதாகவே இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள், அவற்றைப் பிணைக்கும் கம்பிகள், மூக்கில் ஒன்பது சிலிண்டர்கள் நட்சத்திரம்போல் விரிந்த ஒரே ஒரு ஜூபிடர் எஞ்சின், மடங்காத சக்கரங்கள், கூரையில்லாத இரண்டு குழிகள். முன்குழியில் விமானி, பின்குழியில் அவதானி. பின்னவர் முன்புறமாகத் திரும்பி வரைபடத்தைப் பார்க்கவேண்டும், பின்புறமாகத் திரும்பி ஒரு லூயிஸ் துப்பாக்கியைக் கவனிக்கவேண்டும், இரண்டு பக்கமும் சாய்ந்து கடலைப் பார்க்கவேண்டும். எதிர்க்காற்று வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் காப்பதே பாதி வேலை. எல்லைப்புறத்து மலைகளில் படைகளுக்குத் துணைபோவதற்கென்று இந்தியாவுக்கு வந்து, அங்கே தேய்ந்து, ராயல் ஆகாயப்படையும் இந்திய ஸ்குவாட்ரனும் கழித்துவிட்ட பிறகு, கரையோரக் காவலுக்கு என்று கொடுக்கப்பட்டவை அவை. தரையில் இறங்குவதற்காகச் செய்யப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏறி, கரை கண்ணுக்கு மறையும் தூரம் கடலின்மேல் போய் வருவதென்றால், எஞ்சினின் ஓசையில் ஒரு சிறு மாறுதல் கேட்டாலும் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் அச்சக்கரங்களே முதலில் தண்ணீரில் மாட்டி விமானத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடும்.

இந்த வேலையை வீண் வேலை என்று கருதிவிடலாகாது. 1940இல் இந்து மகாசமுத்திரத்தில் அட்லாண்டிஸ் என்னும் ஜெர்மானிய மாறுவேடக் கப்பல் நடமாடிக்கொண்டிருந்தது. சரக்குக் கப்பலைப்போல வேஷம் தரித்து, வேண்டும்போது பெயரையும் வர்ணத்தையும் நடுநிலை நாட்டுக் கொடியையும் மாற்றிக்கொண்டு, நெருங்கிவந்தபின் மறைத்துவைத்த பீரங்கிகளைத் திறந்துவிடும் வகையைச் சேர்ந்தது அது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் தேதி, சுமத்ராவின் வடமேற்கு முனைக்கு அப்பால் ஆட்டோமெடான் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்து, சிங்கப்பூரின் பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை விளக்கும் ரகசியப் பத்திரங்களையும் அதிலிருந்து கைப்பற்றியது. அப்பத்திரங்கள் ஜப்பானியர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இத்தகைய பகைவனைக் கண்டுபிடிக்க வேகமோ பலமோ முதல் தேவை அன்று. கீழே போகும் கப்பலின் புகைபோக்கி எத்தனை, பாய்மரத்தண்டு எங்கே, கொடி எது, வரவேண்டிய கப்பல்களின் பட்டியலில் அது உண்டா என்று பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்கும் கண்தான் தேவை. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடக்குறையப் போகும் வாபிட்டி, இந்த ஒரு காரியத்துக்கு அவ்வளவு பொருத்தமற்றது அன்று. குழுவினர் மனத்தில் வைத்திருந்த பகைவன் எம்டனின் வம்சத்தவன். அவனுக்கு ஏற்ற காவலைத்தான் அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பின்னர் வந்தவன் வேறொருவன் என்பதில்தான் கதையின் சங்கடம் இருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. ஒரு மாதத்துக்குள்ளாகவே பரங்கிமலையில் புதிய வகை விமானங்கள் காணப்பட்டன. புதிய வகை என்றால் பரங்கிமலைக்குத்தான் புதியவை. ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனியார் 1932இல் இம்பீரியல் ஏர்வேசுக்காகக் கட்டிய அட்டலாண்டா என்னும் பிரயாணி விமானங்கள் அவை. உலகத்தில் மொத்தம் எட்டே எட்டுத்தான் கட்டப்பட்டன. நான்கு எஞ்சின்கள், கூரைக்கு மேலே ஒற்றை அடுக்காக அகன்ற இறக்கை, உள்ளே ஒன்பது பிரயாணிகள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து போகலாம். கராச்சியிலிருந்து கல்கத்தா, இரங்கூன் வழியாகச் சிங்கப்பூர் வரையில் 1933 முதல் தபாலும் கனவான்களும் சென்ற விமானங்கள் இவைதாம். மிஞ்சியிருந்த ஐந்தையும் 1941 மார்ச்சில் இந்தியாவிலிருந்த ராயல் ஆகாயப்படை எடுத்துக்கொண்டு, முதலில் ஈராக் கலகத்துக்குப் படைகளை ஏற்றிச் செல்லப் பயன்படுத்தியது. பிறகு கடற்காவலுக்குத் தந்தது. ஆயுதம் என்னவென்றால், நாவிகேட்டர் தம் இடத்திலிருந்து ஜன்னல் வழியாகச் சுடக்கூடிய .303 அங்குல இயந்திரத் துப்பாக்கி ஒன்று. பரங்கிமலையிலிருந்து அட்டலாண்டா முதன்முதலாகக் கடற்காவலுக்குப் புறப்பட்டது 1941 டிசம்பர் கடைசி வாரத்தில்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் வாபிட்டியில் போய்வந்த அவதானிக்கு அட்டலாண்டா ஒரு மாளிகையாகத் தோன்றியிருக்கும். இறக்கை தலைக்கு மேலே இருந்ததனால் ஜன்னலுக்குக் கீழே கடல் மறைப்பின்றித் தெரிந்தது. வரைபடத்தை மேஜையில் விரித்துவைக்க முடிந்தது. ஓர் எஞ்சின் நின்றாலும் மற்ற மூன்று வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. பிற பிளைட்டுகளின் நிலையும் இவ்வாறே. பம்பாய்ப் பிரிவுக்கு இராப்பிடு என்னும் சிறு பிரயாணி விமானங்களும், கொச்சிப் பிரிவுக்குக் கன்னியாகுமரிக்கு மேற்கேயும் மலையாளக் கரையிலும் சுற்றிவர டி.எச்.86 ரகத்தில் ஒன்றே ஒன்றும் கிடைத்தன. கல்கத்தாப் பிரிவினர் சுந்தரவனத்து முகத்துவாரங்களின்மேல் அட்டலாண்டாக்களை ஓட்டினார்கள். நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து முழுவதையும் சலித்து, பறக்கக்கூடியதை எல்லாம் கடற்கரைக்கு அனுப்பியிருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இவற்றுள் உண்மையாக நெருப்பில் விழுந்தவை கராச்சிப் பிரிவும் கல்கத்தாப் பிரிவுமே. நான்காம் எண் பிளைட், நான்கு வாபிட்டிகளுடனும் இரண்டு ஆடாக்ஸ் விமானங்களுடனும் பர்மாவில் மோல்மீன் நகரில் நின்றது. ஜப்பானியக் குண்டுவீச்சில் ஆறில் நான்கை இழந்தது. அதன் இடத்துக்குப் போன மூன்றாம் எண் பிளைட், ராயல் ஆகாயப்படையிடமிருந்து பெற்ற நான்கு பிளெனிம் விமானங்களைக்கொண்டு, இரங்கூன் துறைமுகத்துக்கு வந்த கப்பல் தொகுதிகளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் தனித்துணையாக நின்றது. பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் திரும்பிய தமிழர்களின் கதை நம் இலக்கியத்தில் உண்டு. இரங்கூன் துறையில் அந்தக் கப்பல்களுக்கு மேலே சுற்றிய அந்த நான்கு விமானங்கள் அதில் இடம்பெற்றதாக நான் கண்டதில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது; மார்ச் 8ஆம் தேதி இரங்கூன்; மார்ச் 23ஆம் தேதி அந்தமான். பரங்கிமலையிலிருந்து பறப்போர்க்கு, வங்காள விரிகுடாவின் எதிர்க்கரை முழுவதும் இரண்டே மாதங்களில் பகைவன் கரையாகிவிட்டது. ஏப்ரல் 4ஆம் தேதி மாலை, இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கேட்டலினா என்னும் பறக்கும் படகு ஒன்று, லெனார்டு பிர்ச்சால் என்ற கனடா தேசத்து அதிகாரியின் தலைமையில், தீவுக்குத் தெற்கே பல நூறு மைல் அப்பால், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படையைக் கண்டது. செய்தியைத் தந்தியிலே சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது, பிழைத்தவர்கள் கைதிகளானார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்தில் இருந்திருக்கவேண்டிய கப்பல்கள் பல முன்னமே வெளியேறியிருந்தன. ஒரு பார்வையின் விலை இன்னதென்று அறிய இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி இல்லை. ஏப்ரல் 6ஆம் தேதி வேறொரு ஜப்பானியப் பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த ஒரு வாரத்தில் வங்காள விரிகுடாவில் மூழ்கிய சரக்குக் கப்பல்கள் இருபதுக்கும் மேல்.

சென்னையில் நடந்ததை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பகைக் கப்பற்படை வருகிறது என்ற செய்தியின்பேரில், கவர்னர் ஆர்தர் ஹோப் துரையின் சர்க்கார், அவசியமில்லாதவர்கள் பட்டணத்தைவிட்டுப் போகலாம் என்று அறிவித்தது. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் வீடுகளுக்குப் பூட்டுத் தொங்கிற்று; எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் பிடிக்க முடியாதவர்கள் மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்; அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன; குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் மிருகக்காட்சி சாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்களில், வயலும் ஏரியுமாகத் தண்டீசுவரர் கோயிலைச் சுற்றிக் கிடந்த வேளச்சேரிக் கிராமத்தவர், பட்டணத்தார் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நான்கு எஞ்சின் விமானம் கிழக்கு நோக்கிப் போவதையும் மாலையில் திரும்புவதையும் அண்ணாந்து பார்த்திருக்கக்கூடும். கடலிலிருந்து வரும் விமானிக்கும் கிண்டிக் காடு, வேளச்சேரி ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு, அப்பால் தனித்து நிற்கும் மலை என்ற அடுக்கு, தளம் நெருங்கிவிட்டது என்று சொல்லும் அடையாளமாக இருந்திருக்கும். ஜப்பானியக் கப்பற்படை சென்னைக்கு வரவில்லை. வந்திருந்தால் முதலில் பார்த்திருக்கவேண்டியவர்கள் இவர்கள். பார்த்தபின் திரும்பி வந்திருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் போக மனம் வரவில்லை. சென்னை ராஜதானியின் யுத்த நிதிக்கு ஜமீன்தார்களும் வியாபாரிகளும், ஜில்லா அதிகாரிகளின் நச்சரிப்பால் குடியானவர்களும் கொடுத்த பணத்தை முன்னிட்டு, ராயல் ஆகாயப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயர் சூட்டப்பட்டது. இங்கிலாந்தின் வானத்தில் நம் ராஜதானியின் பெயரைத் தாங்கிப் போர்விமானங்கள் பறந்தபோது, நம் கடற்கரையை வாபிட்டி காத்துக்கொண்டிருந்தது. இதைச் சூழ்ச்சி என்று பேசுவது எளிது. 1940இல் லண்டனே விழுமோ என்றிருந்த நிலையை நினைத்தால் அப்படிப் பேச நா எழாது. ஆயினும் யாருடைய பணம், யாருடைய கரை என்ற கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. அம்மூன்றில் 79ஆம் ஸ்குவாட்ரன் 1942இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அரக்கான் போர்முனையில் சண்டை செய்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும்.

ராயல் ஆகாயப்படையில் ஒவ்வொரு அலகும் தன் அன்றாட நடவடிக்கைகளைப் படிவம் 540 என்ற தாளில் சுருக்கமாகவும், ஒவ்வொரு பறப்பையும் படிவம் 541இல் விவரமாகவும் எழுதிவைக்க வேண்டும். லண்டனுக்கு அருகே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் இத்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. போர்விமானப் பிரிவுகளின் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு வீழ்த்தியது இத்தனை, இழந்தது இத்தனை என்ற எண்ணிக்கை கிடைக்கும். காவல் பிரிவின் ஏட்டிலோ புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், போன வழி, கண்ட கப்பல்கள் ஆகியவைதாம். பெரும்பாலான நாட்களில் கடைசிக் கட்டம் வெறுமை. யுத்த வரலாறு எழுதுவோர் அவ்வெறுமையைத் தாண்டிப் போய்விடுவது இயல்பே. ஆனால் ஒரு கப்பல் தொகுதி கல்கத்தாவிலிருந்து சென்னைக்கோ சென்னையிலிருந்து கொழும்புக்கோ புறப்படலாமா என்று முடிவு செய்த துறைமுக அதிகாரிக்கு, அன்று காலை அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை என்பதே போதுமான செய்தியாயிற்று. நீர்மூழ்கிக் கப்பலும் தலைக்கு மேலே ஒரு விமானம் சுற்றும்போது நீருக்கு வெளியே வரத் துணியாது; அவ்விமானத்தின் ஆயுதம் ஜன்னல் துப்பாக்கி ஒன்றுதான் என்பது அதற்குத் தெரியாதல்லவா?

அட்டலாண்டாக்களின் கடைசிக் காவல் பறப்பு 1942 ஆகஸ்டு 30ஆம் தேதி நிகழ்ந்தது. எஞ்சிய இரண்டு விமானங்கள், 101ஆம் எண் என்று அப்போது வழங்கப்பட்ட பிளைட்டில் ஆட்களையும் சாமான்களையும் சுமக்கும் வேலைக்கு மாறி, 1944 வரையில் உழைத்தன. 1942 இறுதியில் கரையோரக் காவல் பிளைட்டுகள் கலைக்கப்பட்டன. அவற்றில் பழகிய விமானிகளையும் தொழிலாளர்களையும் வைத்து, 1942 டிசம்பர் 1ஆம் தேதி, இந்திய ஆகாயப்படையின் ஏழாம் ஸ்குவாட்ரன் விசாகப்பட்டினத்திலும் எட்டாம் ஸ்குவாட்ரன் திருச்சிராப்பள்ளியிலும் தோற்றுவிக்கப்பட்டன. இரண்டுக்கும் அமெரிக்காவில் செய்த வெஞ்சன்ஸ் என்னும் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் கிடைத்தன. வாபிட்டியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மலைக்கோட்டையின் நிழலில் பயின்று, ஓராண்டுக்குள் அரக்கான் காடுகளின்மேல் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும் தொழிலுக்கு மாறினார்கள். எட்டாம் ஸ்குவாட்ரன் 1944இல் ஸ்பிட்பயர் விமானங்களைப் பெற்ற முதல் இந்திய ஸ்குவாட்ரன் ஆயிற்று. தொண்டர் படையிலிருந்து இவ்வளவு தூரம் வர இரண்டே ஆண்டுகள் ஆயின என்பது, சாட்பீல்டு குழுவின் தயக்கத்துக்குத் தக்க மறுமொழி என்பது என் அபிப்பிராயம்.

கடலைப் பார்க்கும் வேலை நின்றுவிடவில்லை. பட்டணத்தின் தெற்கு ஓரத்திலிருந்து வடக்கு ஓரத்துக்கு மாறியது. சென்னை நகரம் குடிக்கும் தண்ணீரைத் தேக்கிவைக்கும் செங்குன்றம் ஏரியில், 1942 ஜூலையில் ராயல் ஆகாயப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினாக்களோடு வந்து இறங்கியது. நூற்று நான்கு அடி இறக்கை, இரண்டு எஞ்சின்கள், தொடர்ந்து இருபது மணி நேரத்துக்கு மேல் பறக்கும் திறன், தண்ணீரிலேயே ஏறி இறங்கும் படகு வயிறு. அட்டலாண்டா அரை நாளில் திரும்பவேண்டிய கடலை இது முழுதாகத் தாண்டி, பர்மாக் கரையைத் தொட்டுவிட்டு வந்தது. பழுது பார்க்கவேண்டியபோது இவ்விமானங்கள் பெங்களூருக்குப் பறந்து, பெல்லந்தூர் ஏரியில் இறங்கி, அங்கிருந்து ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு இழுத்துச் செல்லப்பட்டன. நம் ஊர் ஏரிகளுக்கு இப்படியும் ஒரு காலம் இருந்தது!

இவற்றுள் ஆராய்ச்சியாளர் மிகவும் கவனிக்கவேண்டியது, 1944 மார்ச் 21ஆம் தேதி செங்குன்றத்தில் பிறந்து, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதியே கலைக்கப்பட்ட 628ஆம் ஸ்குவாட்ரன். 357ஆம் ஸ்குவாட்ரனின் ஒரு பிளைட்டைப் பிரித்து அமைத்தது அது. பகைவர் வசமிருந்த கரைகளில் இருட்டில் இறங்கி, ரகசிய வேலைக்காரர்களை விட்டுவருவது அதற்கு விதிக்கப்பட்ட தொழில். ஆனால் அதன் குறுகிய ஆயுளில் கணிசமான பகுதி வானிலை பார்ப்பதிலும், கடலில் விழுந்த விமானிகளைத் தேடுவதிலும் கழிந்தது. வானிலை பார்ப்பதை இழிவாக எண்ணவேண்டாம். 1792இலேயே நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சி சாலை கண்ட பட்டணத்துக்கு, கடலில் உருவாகும் புயலைப் பற்றித் தெரிந்தது, சமாதான காலத்தில் கப்பல்கள் அனுப்பிய செய்திகளால். யுத்தத்தில் தந்தி அனுப்பினால் நீர்மூழ்கிக்கு இடம் தெரிந்துவிடும் என்று கப்பல்கள் வாய் மூடிவிட்டன. 1942 அக்டோபர் 16ஆம் தேதி மேதினிபூரைச் சூறையாடிய புயலை நினைத்தால், பருவமழைக்காலத்தில் வங்கக்கடலின்மேல் ஒரு விமானம் தினமும் போய், அழுத்தமும் காற்றும் மேகமும் குறித்துக்கொண்டு வருவதன் தேவை விளங்கும். பர்மாவில் மழைக்காலத்திலும் நிறுத்தாமல் நடந்த யுத்தத்துக்கு அந்தக் குறிப்புகள் இன்றியமையாதவை. 628 கலைந்தபின் அதன் ஆட்களும் வேலைகளும் 240ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தன. கராச்சியிலிருந்து வந்த 191ஆம் ஸ்குவாட்ரனும் 1944 இறுதியிலிருந்து 1945 நடுவரையில் அந்த ஏரியைப் பகிர்ந்துகொண்டது.

சுதந்திரத்துக்குப் பின், கடற்காவலுக்கென்று இந்திய ஆகாயப்படை 1951இல் ஆறாம் ஸ்குவாட்ரனை மீண்டும் அமைத்தபோது, அமெரிக்கர் கான்பூரில் விட்டுச்சென்ற லிபரேட்டர் விமானங்களைப் பெங்களூரில் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். 1960களில் அதே வேலைக்கு, ஏர் இந்தியா பிரயாணிகளை ஏற்றிச்சென்ற சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. 1976இல் அப்பொறுப்பு கடற்படைக்குச் சென்றது. அரக்கோணத்தில் யுத்தகால ஓடுதளம் இருந்த இடத்தில் 1992 மார்ச் 11ஆம் தேதி கடற்படையின் ராஜாளி விமானத்தளம் தொடங்கப்பட்டு, 2013 முதல் அங்கிருந்து வங்காள விரிகுடாவைப் பார்த்துவரும் பி-8ஐ விமானமோ, இன்று மீனம்பாக்கத்தில் நாள்தோறும் பிரயாணிகளை இறக்கிவிட்டுப் போகும் போயிங் 737இன் உடலைக்கொண்டு கட்டப்பட்டது.